இன்னொரு பெயர் என்ன?

வணக்கம் மக்களே. நைரோபியிலிருந்து பேசுகிறேன். ஜன்னலுக்கு வெளியே மட்டாட்டு வேன்களின் ஹாரன் கேட்டுக்கொண்டே இருக்கும், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கென்யாவில் ஒருவர் தன் பெயர் பீட்டர் என்று சொன்னால் பேச்சு அதோடு நிற்காது. "இன்னொரு பெயர்?" என்று கேட்பார்கள். கமாவ் என்றால் கிக்குயு. ஒட்டியெனோ என்றால் லுவோ. வஃபுலா என்றால் லுஹ்யா. எந்தப் பக்கத்து ஆள், என்ன மொழி, யாருக்கு ஓட்டுப் போட்டிருப்பார் என்பது வரைக்கும் அந்த ஒரு சொல்லிலேயே கணக்குப் போட்டுவிடுவார்கள். சுவாஹிலியில் இதற்குக் கபிலா என்று பெயர். நம் ஊர்ச் செய்திகளில் "பழங்குடி" என்று எழுதுகிறார்கள், எனக்கு அது சரியாகப் படவில்லை. 2019 கணக்கெடுப்பின்படி கிக்குயு மக்கள் மட்டுமே 80 லட்சத்துக்கு மேல். இனக்குழு என்று சொல்வோமே.

இந்தக் குழுக்களும் அவற்றுக்கு இடையிலான பகையும் ஆதிகாலத்திலிருந்து வருபவை என்று நானும் நினைத்திருந்தேன். கலெஞ்சின் என்ற பெயரின் கதையைக் கேட்ட பிறகு அந்த எண்ணம் போய்விட்டது. நாண்டி, கிப்சிகிஸ், டுகென் என்று தனித்தனியாக இருந்தவர்களுக்கு அது பொதுப் பெயராக வந்ததே 1940களில்தான். அதற்கு "நான் உங்களுக்குச் சொல்கிறேன்" என்று அர்த்தம். வானொலியில் பேசியவர் அடிக்கடி சொன்ன அந்தத் தொடர் ஒரு மக்களின் பெயராகிவிட்டது! முன்னாள் அதிபர் மோய், இப்போதைய அதிபர் ரூட்டோ இருவரும் கலெஞ்சின்தான்.

பெயர் சேர்ந்ததில் தவறில்லை, அதை வைத்து ஆட்களைப் பிரித்ததுதான் தவறு. பிரிட்டிஷ்காரர்கள் ஒவ்வொரு குழுவையும் ஒவ்வொரு ரிசர்வ் நிலத்துக்குள் ஒதுக்கினார்கள். ஆப்பிரிக்கர்கள் கட்சி தொடங்க 1955இல் அனுமதி கொடுத்தபோதும், மாவட்ட அளவில் மட்டும் என்றார்கள். மாவட்டம் என்றால் பெரும்பாலும் ஒரே இனக்குழு. அப்புறம் இனக்குழுவைத் தாண்டிக் கட்சி எப்படி வளரும் சொல்லுங்கள்? 1963இல் சுதந்திரம் வந்தது, அந்தப் பழக்கம் போகவில்லை. 2017இல் இங்குள்ள இந்திய வம்சாவளியினரையும் 44ஆவது இனக்குழு என்றே அரசு அறிவித்தது. இந்த நாட்டுக்காரர் என்று ஆவதற்கும் கபிலா வழியாகத்தான் போக வேண்டியிருக்கிறது.

என்னோடு வேலை பார்க்கும் ஒரு பெண்ணின் அம்மா கிக்குயு, அப்பா லுவோ. 2007 டிசம்பர் தேர்தலுக்குப் பிறகு இனக்குழுக்களுக்கு இடையே நடந்த வன்முறையில் 1,100க்கும் மேற்பட்டவர்கள் கொல்லப்பட்டார்கள், லட்சக்கணக்கானோர் வீடு இழந்தார்கள். எல்டோரெட் பக்கம் கியம்பா என்ற இடத்தில் தேவாலயத்துக்குள் ஒளிந்திருந்தவர்களை உள்ளே வைத்தே எரித்தார்கள். 2008 ஜனவரியில் இந்தப் பெண்ணுக்கு ஏழு வயது, குடும்பம் நைவாஷாவில் இருந்தது. அங்கே லுவோக்களைத் தேடித் தாக்கினார்கள். "யார் கேட்டாலும் அப்பா பெயரைச் சொல்லாதே" என்று அம்மா சொல்லிக் கொடுத்தாராம். அதற்குப் பிறகு ரொம்ப நாளைக்குத் தன் முழுப் பெயரைச் சத்தமாகச் சொல்லவே பயமாக இருந்தது என்றார்.

அந்தத் தலைமுறைதான் 2024 ஜூனில் தெருவில் இறங்கியது. நிதி மசோதாவை எதிர்த்துப் போராட்டம். அதன் முதல் வடிவில் ரொட்டிக்குக்கூட 16 சதவீத வரி இருந்தது. எங்களுக்குக் கட்சி இல்லை, தலைவர் இல்லை, கபிலா இல்லை என்றார்கள். ஜூன் 25 அன்று நாடாளுமன்றத்துக்குள்ளேயே புகுந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் பலர் இறந்தார்கள். மறுநாள் அதிபர் மசோதாவைக் கைவிட்டார்.

எனக்கு மனதில் நிற்பது டிக்டாக் வீடியோக்கள். மசோதாவை கிக்குயுவில், லுவோவில், இன்னும் பல தாய்மொழிகளில் பிள்ளைகள் விளக்கினார்கள், ஊரில் இருக்கும் பாட்டிக்கும் புரியட்டும் என்று. கபிலா இல்லை என்று சொன்னவர்கள் தாய்மொழியை விடவில்லை, பாருங்கள். அவர்கள் தூக்கிப் போட நினைத்தது அந்த ஓட்டுக் கணக்கை மட்டும்தான். அவர்களை "அடையாளம் மறந்த பிள்ளைகள்" என்று யாராவது சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

கணக்கு போய்விட்டதா என்றால், இல்லை. அரசாங்கம் பங்குகள் உள்ள கம்பெனி மாதிரி, ஓட்டுப் போட்டவர்களுக்கே பங்கு என்று பேசியவர் அப்போதைய துணை அதிபர் கச்சாகுவா. 2024 அக்டோபரில் அவரைப் பதவிநீக்கம் செய்தபோது, அந்தப் பேச்சும் குற்றச்சாட்டுகளில் ஒன்று. நீக்கியதும் என்ன நடந்தது? அவருடைய சொந்தப் பகுதியான, கிக்குயுக்கள் அதிகம் உள்ள கென்ய மலைப் பகுதி மக்களை அவமதித்துவிட்டார்கள் என்ற பேச்சு கிளம்பிவிட்டது. 2027 ஆகஸ்டில் அடுத்த தேர்தல்.

அந்தப் பெண் இப்போது அப்பாவின் அம்மாவிடம் போனில் லுவோ மொழி கற்றுக்கொள்கிறார். அடுத்த ஞாயிறு நைவாஷாவில் அவர்கள் இருந்த பழைய வீட்டைப் பார்க்கப் போகிறார், என்னையும் கூப்பிட்டிருக்கிறார். கேமரா வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அதனால் அடுத்த வாரம் வீடியோ வராது.