பாதி ஸ்பாஞ்ச்

நேயர்களுக்கு வணக்கம்.

வீட்டில் மீன் தொட்டியைப் பராமரிப்பது எப்படி என்று பேசத்தான் நிலையத்தில் என்னை அழைத்தார்கள். அதை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒருவரைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டேன், சரி என்றார்கள். அவர் பெயர் எனக்குத் தெரியாது. அவரும் என் பெயரைக் கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இரண்டு மணி நேரம் அவரோடு இருந்தேன், அவ்வளவுதான்.

நான் பெரம்பூரில் தையல் கடை வைத்திருக்கிறேன். 2016 ஜூன் மாதம் என் பையனுக்கு ஒன்பது வயது நிறைந்தது. மீன் தொட்டி வேண்டும் என்று ஒரு வருடமாகக் கேட்டுக்கொண்டிருந்தான். இரண்டடித் தொட்டி, கல், மோட்டார், ஆறு கோல்டு ஃபிஷ் என்று எல்லாவற்றையும் ஒரே நாளில் ஒரே கடையில் வாங்கினோம். தண்ணீரை நிரப்பி ஒரு மணி நேரம் கழித்து மீனை விடலாம் என்று கடையில் சொன்னார்கள், விட்டோம். மூன்றாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. பசி என்று நினைத்து இன்னும் தீனி போட்டேன். தண்ணீர் கலங்கியது. முழுவதையும் இறைத்துக் கொட்டிவிட்டு, கல்லையும் ஃபில்டரையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, புதுத் தண்ணீர் பிடித்தேன். மறுநாள் இரண்டு செத்தன. அதற்கடுத்த நாள் இன்னும் இரண்டு. பையன் நான்கையும் செம்பருத்திச் செடித் தொட்டியில் புதைத்தான். அழவில்லை. "நாம என்னம்மா தப்பு பண்ணோம்?" என்று மட்டும் கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கொளத்தூருக்குப் போனேன். சென்னையில் மீன் வளர்ப்பவர்களுக்குக் கொளத்தூரைச் சொல்ல வேண்டியதில்லை. தெருத்தெருவாக மீன் கடைகள். கடைகளுக்குப் பின்னால் வீட்டு மாடிகளில் சிமெண்ட் தொட்டி கட்டி, கப்பியும் மோலியும் ஃபைட்டரும் வளர்த்துக் குஞ்சு எடுத்துப் பிழைக்கும் குடும்பங்கள். ஞாயிறு காலை என்றால் காற்று அடைத்த பாலித்தீன் பைகளைத் தூக்கிக்கொண்டு ஆட்கள் போய்க்கொண்டே இருப்பார்கள். வீட்டில் மிச்சமிருந்த இரண்டு மீனுக்குத் துணையாக நான்கு வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று ஒரு கடையில் கை காட்டிக்கொண்டிருந்தேன்.

பக்கத்தில் ஒருவர் நின்றிருந்தார். அறுபது வயதிருக்கும். கடைக்காரரும் இல்லை, மீன் வாங்க வந்தவர் மாதிரியும் தெரியவில்லை.

"ஏம்மா, பழைய மீன் என்னாச்சு?" என்றார்.

"செத்துப்போச்சுங்க ஐயா."

"தொட்டி வச்சு எத்தனை நாளாச்சு? மேல வந்து வாயைத் தொறந்துச்சா? செவுள் செவந்திருந்துச்சா? ஃபில்டரை எதுல கழுவின?"

ஒரு டாக்டர் கேட்பதுபோல ஒவ்வொன்றாகக் கேட்டார். நான் சொல்லி முடித்ததும், "இன்னைக்கு மீன் வாங்காதம்மா. வாங்கினா இதுவும் சாவும்" என்றார். கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. "அண்ணன் சொன்னா கேட்டுக்கங்க" என்று வலையைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு வேறு ஆளைப் பார்க்கப் போனார். அந்தக் கடைக்காரருக்கும் நான் கடன்பட்டிருக்கிறேன்.

அவர் வீடு இரண்டு தெரு தள்ளி. "வீட்டுக்காரி இருக்கா, வாம்மா" என்று கூட்டிப்போனார். அந்த அம்மா மோர் கொடுத்தார்கள். மாடியில் பன்னிரண்டு தொட்டிகள் எண்ணினேன். ஒரு பெரிய சிமெண்ட் தொட்டியில் முழங்கை நீளத்துக்கு டேங்க் கிளீனர் மீன்கள் கிடந்தன. யார் யாரோ சின்னதாக வாங்கிவிட்டு, வளர்ந்ததும் வைத்துக்கொள்ள முடியாமல் கொண்டுவந்து கொடுத்தவை. "நான் வாங்கிக்கலைன்னா ஏரியில விட்டுடுவாங்க. இது தென்அமெரிக்கா மீன், நம்ம ஏரி மீனோட இடத்தைப் புடிச்சுக்கும்" என்றார். விற்க முடியாத அந்த மீன்களுக்குத் தினமும் தீனி போட்டுக்கொண்டிருந்தார்.

அப்புறம் ஒரு கப்பித் தொட்டியிலிருந்து ஸ்பாஞ்ச் ஃபில்டரை வெளியே எடுத்தார். கறுப்பும் பழுப்புமாக, வழவழவென்று இருந்தது. என் முகம் சுளித்திருக்க வேண்டும்.

"அழுக்குன்னு நினைக்கிறியா? இதுக்குள்ள ஒரு குடித்தனமே இருக்கும்மா."

மீன் செவுள் வழியாக அமோனியா வெளியேறுகிறது. மிஞ்சிய தீனி அழுகினாலும் அமோனியாதான். கண்ணுக்குத் தெரியாது. தண்ணீர் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கும்போதே அது செவுளை எரித்துவிடும். அதைத் தின்று நைட்ரைட்டாக மாற்ற ஒரு வகை பாக்டீரியா வேண்டும். நைட்ரைட்டும் நஞ்சுதான். ரத்தத்தில் கலந்து, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அதை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு வகை வேண்டும். நைட்ரேட் மீனை அவ்வளவு சீக்கிரம் வாட்டாது. செடி கொஞ்சம் எடுத்துக்கொள்ளும், வாரம் ஒருமுறை கால்வாசித் தண்ணீர் மாற்றினால் மீதி போய்விடும். இந்த பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதப்பது குறைவு. ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டுதான் வாழும். புதுத் தொட்டியில் அவை தாமாக வந்து பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நான் ஒரு மணி நேரத்தில் ஆறு மீனை விட்டிருக்கிறேன். ஒட்டத் தொடங்கியிருந்த கொஞ்சத்தையும் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் தேய்த்துக் கொன்றிருக்கிறேன். என் பையன் கேட்ட கேள்விக்குப் பதில் அந்த மாடியில்தான் கிடைத்தது.

இவ்வளவையும் அவர் இந்த வார்த்தைகளில் சொல்லவில்லை. "ஒருத்தன் சமைக்கிறான், ஒருத்தன் பாத்திரம் கழுவுறான், உன் வீட்டுல ரெண்டு பேருமே இல்ல" என்றார். அறிவியல் பெயர்களைப் பிற்பாடு என் பையன்தான் தேடிப் படித்துச் சொன்னான். இப்போது கல்லூரியில் படிக்கிறான். இந்த நுண்ணுயிர்களை 1890 வாக்கில் பிரித்தெடுத்துக் காட்டியவர் செர்கெய் வினோகிராட்ஸ்கி என்ற ரஷ்யர். இரண்டு வேலைக்கும் இரண்டு வகை வேண்டும் என்றுதான் அதற்குப் பிறகு நூறு வருடத்துக்கும் மேலாக நம்பியிருந்தார்கள். 2015-இல்தான் இரண்டையும் ஒன்றே செய்யும் ஒரு வகையைக் கண்டுபிடித்தார்கள். அது கிடைத்த இடங்களில் ஒன்று, நெதர்லாந்து ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்த ஒரு மீன் வளர்ப்புக் கூடத்தின் வடிகட்டி. அதைப் படித்த அன்று பையன் நெடுநேரம் எங்கள் ஸ்பாஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தான்.

சரி, மாடிக்கு வருகிறேன். அவர் அந்த ஸ்பாஞ்சை நடுவில் வைத்துப் பாதியாக வெட்டினார். நான் கத்தரி பிடித்துப் பிழைப்பவள், வெட்டும் கையைப் பார்த்தாலே ஆளைத் தெரியும். பெரிய பாதியை எனக்கும் சின்னதைத் தனக்கும் வைத்துக்கொண்டார். வெட்டுவதற்கு முன்னால் பக்கத்திலிருந்த இன்னொரு தொட்டியைக் காட்டி, "அதுல போன மாசம் வெள்ளைப் புள்ளி வந்துச்சு. அதுலேருந்து யாருக்கும் தர மாட்டேன். நோயும் கூடவே வந்துடும்" என்றார். கொடுப்பதில் இத்தனை கவனம் வேண்டும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஸ்பாஞ்சைப் பாலித்தீன் பையில் போட்டு, அது நனையும் அளவுக்கு மட்டும் அந்தத் தொட்டித் தண்ணீரை ஊற்றி, மீதி இடத்தில் காற்றடைத்து ரப்பர் பேண்ட் போட்டார். அதற்குள் இருப்பதற்கும் மூச்சு வேண்டுமாம். "வெயில் படாம எடுத்துட்டுப் போ. இனிமே குழாய்ல கழுவாத. தொட்டித் தண்ணியை ஒரு பக்கெட்ல எடுத்து, அதுல ரெண்டு தடவை அமுக்கி எடு, போதும். கரண்ட் போனா முதல்ல தீனியை நிறுத்து. மீன் ஒரு வாரம் பட்டினி கிடக்கும், மூச்சில்லாம கிடக்காது."

பணம் எடுத்தேன். கையை நீட்டித் தடுத்துவிட்டார். "மூர் மார்க்கெட் எரியறதுக்கு முன்னாடி, நான் வாலிபனா இருந்தப்ப, அங்க ஒருத்தர் எனக்கு ஒரு ஜோடி கௌராமி சும்மா குடுத்தாரு. யாருன்னே தெரியாது" என்றார். மூர் மார்க்கெட் எரிந்தது 1985-இல். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் பழைய புத்தகமும், புறாவும், நாய்க்குட்டியும், மீனும் விற்ற இடம். நான் அந்த மார்க்கெட்டைப் பார்த்ததில்லை.

மிச்சமிருந்த இரண்டு மீன்களும் பிழைத்தன. அதில் ஒன்று, வாலில் வெள்ளைத் திட்டு உள்ளது, நாலடித் தொட்டிக்கு மாறி ஏழு வருடம் எங்களோடு இருந்தது.

அதே வருடம் டிசம்பர் 12, திங்கட்கிழமை, வர்தா புயல் சென்னையில் கரை கடந்ததை நேயர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். எங்கள் தெருவில் மரம் விழுந்து கம்பம் சாய்ந்தது. நான்காம் நாள்தான் கரண்ட் வந்தது. மோட்டார் நின்றதும் அவர் சொன்னது நினைவுக்கு வந்தது. தீனியை நிறுத்தினேன். ஸ்பாஞ்சைத் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு ஏற்றிக் கட்டினேன். சொம்பில் தண்ணீரை மொண்டு ஓரடி உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப ஊற்றினேன். தண்ணீர் விழுந்து குமிழி கிளம்பும்போது காற்று அதிகமாக உள்ளே போகும். இரவு பதினொரு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் நான் ஊற்றிக்கொண்டிருந்த சத்தம் கேட்டு, கீழ்வீட்டில் தங்கியிருந்த மூன்று பையன்கள் மாடியேறி வந்தார்கள். வெளியூர்ப் பையன்கள். அதுவரை அவர்களோடு நான் பேசியது தண்ணீர் மோட்டார் போடச் சொல்லும்போது மட்டும்தான். "அக்கா நீங்க படுங்க, நாங்க முறை போட்டு ஊத்துறோம்" என்றார்கள். விடியும்வரை ஊற்றினார்கள். அடுத்த இரண்டு இரவும் வந்தார்கள். அவர்கள் அதற்கு முன்னால் மீன் வளர்த்தவர்கள் இல்லை.

ஜனவரியில் அந்த ஐயாவிடம் இதையெல்லாம் சொல்லக் கொளத்தூர் போனேன். வீட்டில் வேறு குடும்பம் இருந்தது. மாடியில் துணி காய்ந்தது. அவரும் அந்த அம்மாவும் மகள் இருக்கும் ஊருக்குப் போய்விட்டார்கள் என்றார்கள், எந்த ஊர் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தக் கடையில் விசாரித்தேன். அங்கேயும் அவர் வெறும் 'அண்ணன்'தான்.

என் தொட்டியில் இப்போது எப்போதும் இரண்டு ஸ்பாஞ்ச் ஓடும். ஒன்று எங்களுக்கு, ஒன்று வருகிறவர்களுக்கு. பாதி வெட்டிக் கொடுத்துவிட்டு, அந்த இடத்தில் புது ஸ்பாஞ்சைப் பழையதோடு ஒட்டிவைத்தால், ஒரு மாதத்தில் அதுவும் கறுத்துவிடும். ஒரு வாட்ச்மேன் வாங்கிப் போனார். ஒரு பள்ளிக்கூட டீச்சர் வகுப்பறைத் தொட்டிக்கு வாங்கிப் போனார். செங்கல்பட்டிலிருந்து ஒரு பெண் ரயிலில் வந்து, டிபன் பாக்ஸில் வைத்து எடுத்துப் போனாள். பாக்ஸை இறுக்கி மூடாதே, அவ்வப்போது திறந்து காற்று விடு என்று சொல்லி அனுப்பினேன். கொடுப்பதற்கு முன்னால் ஒரு வாரம் என் மீன்களை உற்றுப் பார்ப்பேன். செதிலில் புள்ளி, கல்லில் உரசுவது, துடுப்பை மடக்கிக்கொண்டு கிடப்பது, ஏதாவது ஒன்று தெரிந்தாலும் இப்போது தர முடியாது, அடுத்த மாதம் வாருங்கள் என்று சொல்லிவிடுவேன். சிலருக்கு வருத்தம் வரும். வந்தாலும் அதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

போன ஞாயிறு, பள்ளிக்கூடப் பேண்ட்டை இறக்கித் தைக்க ஒரு பையன் வந்தான். ஏழாவது படிக்கிறானாம். தையல் மெஷின் பக்கத்திலிருக்கும் தொட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றான். "எங்க வீட்டு மீனெல்லாம் செத்துப்போச்சு ஆன்ட்டி" என்றான். எத்தனை நாளில், மேலே வந்து வாயைத் திறந்ததா, ஃபில்டரை எதில் கழுவினீர்கள் என்று கேட்டேன். அப்புறம் கத்தரியை எடுத்தேன். துணி வெட்டுகிற கத்தரி இல்லை, இதற்கென்றே ஒன்று வைத்திருக்கிறேன். பையில் தண்ணீர் ஊற்றி, காற்றடைத்துக் கட்டி, வெயில் படக்கூடாது என்று சொல்லிக் கையில் கொடுத்தேன். வாசல்வரை போனவன் வெயிலைப் பார்த்து நின்றான். தைத்து வாங்கிய பேண்ட்டைப் பிரித்து அந்தப் பையைச் சுற்றிக்கொண்டு தெருவில் இறங்கினான்.

வணக்கம்.