பிளாண்டிங்கா திரும்பி வந்த வகுப்பறை

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, அலுவல்களை ஒதுக்கிவிட்டு முன்வரிசையில் அமர்ந்திருக்கும் முதல்வர் அவர்களே, எனக்கு அளவையியலின் அரிச்சுவடியைக் கற்பித்த பேராசிரியர் ஐயா அவர்களே, மாணவச் செல்வங்களே, அனைவருக்கும் வணக்கம். ஐயா வீற்றிருக்கும் அவையில் நான் தத்துவம் பேசுவதை அவர் பொறுத்தருள வேண்டும்.

அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஆல்வின் பிளாண்டிங்கா கற்ற விதம், நல்ல கடவுள் இருந்தால் தீமை ஏன் என்னும் தீமைச் சிக்கலுக்கு அவர் அளித்த விடை, சாத்திய உலகங்களை, அதாவது உலகம் எப்படியெல்லாம் இருந்திருக்கலாம் என்பதைப் பற்றிய அவருடைய மெய்ப்பொருளியல் என மூன்றைச் சொல்ல வந்தேன். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும் என்பார்கள். அவர் வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

1932-இல் மிச்சிகனில் பிறந்த அவருக்கு 1950-இல் ஹார்வர்டில் உதவித்தொகையோடு இடம் கிடைத்தது. கிடைத்ததை விட்டுவிட்டு வா என்று எந்தப் பெற்றோர் சொல்வார்கள்? அவருடைய தந்தை கிராண்ட் ராபிட்ஸ் நகரின் சிறிய கால்வின் கல்லூரியில் ஆசிரியர். வசந்தகால விடுமுறைக்கு வீடு வந்த இளைஞர், கால்வினில் வகுப்புகள் நடந்துகொண்டிருந்ததால், போய் உட்கார்ந்து கேட்டார். அங்கே ஹாரி ஜெல்லமா என்னும் ஆசிரியர், சமயத்துக்கு எதிரான வாதங்கள் எந்த அடித்தளத்தில் நிற்கின்றன என்பதை அகழ்ந்து காட்டிக்கொண்டிருந்தார். கேட்டது சில நாள்கள்தாம். இளைஞர் ஹார்வர்டை விட்டு ஜெல்லமாவிடமே படிக்கத் திரும்பிவிட்டார். அதைவிட முக்கியமான, அதைவிட நல்ல முடிவைத் தாம் எடுத்ததில்லை என்று பின்னாளில் எழுதினார்.

எல்லாம் வல்ல, முழுதும் நல்ல கடவுளும் தீமையும் ஒருங்கே இருப்பதாகச் சொல்வது முரண் என்று 1955-இல் தத்துவ அறிஞர் ஜே. எல். மேக்கி வாதிட்டார். பிளாண்டிங்கா, கடவுள் ஏன் தீமையை அனுமதித்தார் என்று விளக்க முற்படவில்லை. மனிதர் உண்மையான விருப்புரிமை உடையவர்களானால், எவருமே ஒருமுறையும் தவறாத உலகைப் படைப்பது எல்லாம் வல்லவருக்கும் இயலாமல் போகலாம் என்றார். அந்தப் 'போகலாம்' ஒன்றே முரண் என்ற குற்றச்சாட்டைத் தகர்க்கப் போதுமானது. 1967-இல் ஒரு நூல், 1974-இல் இரண்டு, 1993 முதல் 2000 வரை அறிவின் இயல்பைப் பற்றி மூன்று என அடிமேல் அடியாக எழுதினார். விவாதத்தின் மையம், கடவுளும் தீமையும் முரணா என்பதிலிருந்து, தீமை கடவுளுக்கு எதிரான சான்றா என்பதற்கு மாறியது; அம்மி நகர்ந்தது.

மூன்றாவதான சாத்திய உலகங்களை ஐயாவிடமே விட்டுவிடுகிறேன்; அவர் வகுப்பில் விரித்துரைப்பார். எனக்கு முதல்வரிடம் ஒரு விண்ணப்பம் இருக்கிறது. நோட்ர டாம் பல்கலைக்கழகத்தில் 1982 முதல் 2010 வரை பணியாற்றிய பிளாண்டிங்கா, பிறகு கால்வினுக்கே வந்து, ஜெல்லமாவின் பெயரால் அமைந்த பேராசிரியர் இருக்கையை முதன்முதலில் ஏற்றார். ஆன்மிகச் சிந்தனைக்குப் பங்களித்தோருக்கு வழங்கப்படும் டெம்பிள்டன் பரிசை 2017-இல் அவர் பெற்றதற்கும் அந்தச் சிறிய வகுப்பறையே வித்து. சேர்க்கை குறைவு என்று இளங்கலைத் தத்துவப் பிரிவை மூட எண்ணாதீர்கள். வரும் ஜூனில், ஐந்தே மாணவர்கள் வந்தாலும், அந்த அறையைத் திறந்து வையுங்கள்.