பொது இடத்தில் துப்பாக்கி: பாதுகாப்பல்ல, பதற்றமே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம். தலைப்பு உங்களுக்குத் தெரியும்: அமெரிக்காவில் பொது இடத்தில் துப்பாக்கியை வெளியே தெரியும்படி எடுத்துச் செல்வது பாதுகாப்பா, பதற்றமா? பதற்றமே என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் நன்றாகத்தான் பேசினார், கைதட்டலும் வாங்கினார், நானும் தட்டினேன். ஆயுதம் வைத்திருக்கும் உரிமையைப் பேசும், 1791-ல் வந்த அரசியலமைப்பின் இரண்டாவது திருத்தத்தைச் சொன்னார். 2022-ல் புரூயன் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆறுக்கு மூன்று என்று தீர்ப்பளித்து, தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியேயும் கைத்துப்பாக்கி எடுத்துப் போகலாம் என்றதையும் சொன்னார். எல்லாம் சரி. ஆனால் நடுவர் ஐயா, உரிமை இருக்கிறதா என்றா நீங்கள் கேட்டீர்கள்? அது இருக்கிறது, நாம் உட்கார்ந்திருக்கும் இந்த டெக்சஸில் 2021 செப்டம்பரிலிருந்து 21 வயதானவர்கள் பெரும்பாலோருக்கு உரிமம்கூடத் தேவையில்லை. நீங்கள் கேட்டது பாதுகாப்பா என்று. அதற்கு அண்ணன் சொன்ன ஒரே பதில், துப்பாக்கி கண்ணில் பட்டால் திருடன் பயந்து ஓடிவிடுவான் என்பது.

ஓரிகன் மாநிலத்தில் கிரெஷம் என்று ஒரு ஊர். 2014 அக்டோபரில் அங்கே 21 வயதுப் பையன் ஒருவர், வாங்கி ஒரு நாள்கூட ஆகாத கைத்துப்பாக்கியை இடுப்பில் தெரியும்படி வைத்துக்கொண்டு தெருவில் நின்று பேசிக்கொண்டிருந்தார். ஒருவன் வந்தான். தன் துப்பாக்கியை எடுத்து நீட்டினான். உன் துப்பாக்கி எனக்குப் பிடித்திருக்கிறது, கொடு என்றான். கொடுத்துவிட்டார், வேறென்ன செய்வார்? திருடன் ஓடத்தான் செய்தான் அண்ணே, பொருளோடு ஓடினான்.

சிரிக்கிறீர்கள், சரி. இப்போது சொல்லப்போவது சிரிக்கிற விஷயம் இல்லை.

2015 அக்டோபர் 31, கொலராடோ ஸ்பிரிங்ஸ், காலை நேரம். ஒரு பெண் அவசர உதவி எண்ணான 911-க்கு அழைக்கிறார். பக்கத்துக் கட்டடத்துக்கிட்டே ஒருவன் ரைஃபிளோடு நடமாடுகிறான், பார்க்கச் சரியாகப் படவில்லை என்கிறார். எதிர்முனையில் இருந்தவர், இந்த மாநிலத்தில் துப்பாக்கியை வெளிப்படையாக எடுத்துச் செல்லச் சட்டத்தில் இடம் இருக்கிறது என்று விளக்குகிறார். சில நிமிடங்கள்தான். அதே பெண் மறுபடி அழைக்கும்போது வெளியே சுட ஆரம்பித்துவிட்டான். மூன்று பேர் செத்துப்போனார்கள். பிறகு போலீஸ் அவனையும் சுட்டுக் கொன்றது.

அந்தத் தொலைபேசியை எடுத்தவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சட்டம் என்ன சொல்கிறதோ அதைத்தான் அவர் சொன்னார். கையில் ரைஃபிளோடு ஒருவன் தெருவில் நிற்பது குற்றம் இல்லை என்று ஆக்கிவிட்டால், அவன் முதல் குண்டைச் சுடுகிற நொடி வரைக்கும் அவனுக்கும் நல்லவனுக்கும் வித்தியாசமே கிடையாது. துப்பாக்கி தெரிகிறது, ஆனால் அதை வைத்திருப்பவன் மனசில் என்ன ஓடுகிறது என்பது தெரிவதில்லை, அதை ஊகிக்கிற வேலையைக் கடைக்காரர் தலையில், பிள்ளையைப் பள்ளியில் விடப் போகும் அம்மா தலையில், ரோந்து போகும் போலீஸ்காரர் தலையில் கட்டிவிட்டுத்தான் இதற்குப் பாதுகாப்பு என்று பேர் வைத்திருக்கிறோம்.

போலீஸ்காரர்கள் மட்டும் எப்படிக் கண்டுபிடிப்பார்கள்? நம்ம டல்லஸிலேயே நடந்தது, 2016 ஜூலை 7. அமைதியாகப் போன ஊர்வலத்தில் சிலர் ரைஃபிளைத் தோளில் மாட்டிக்கொண்டு, சட்டப்படிதான், நடந்தார்கள். ஒருவன் ஒளிந்திருந்து சுட்டதில் ஐந்து போலீஸார் இறந்தார்கள். அந்தக் குழப்பத்தில் காவல்துறை ஒருவரின் படத்தைப் போட்டு இவரைத்தான் தேடுகிறோம் என்று ஊருக்கே அறிவித்தது. அவர் ஒரு பாவமும் அறியாதவர், தன் ரைஃபிளைத் தானாகவே போலீஸ் கையில் ஒப்படைத்தவர். சுடும் நேரத்தில் யார் நல்லவர் யார் கெட்டவர் என்று எப்படித் தெரியும் என்று அப்போதைய காவல்துறைத் தலைவர் டேவிட் பிரவுனே பிறகு கேட்டார். அண்ணன் அவரைவிட அதிகம் தெரிந்தவராக இருந்தால் சொல்லட்டும்.

இன்னொரு விஷயம், இதை நம் மக்கள் முன்னால் சொல்லாமல் போக மாட்டேன். அந்த ஊகம் எல்லோருக்கும் ஒரே மாதிரி விழுவதில்லை. 2014 ஆகஸ்ட், ஒஹாயோவில் பீவர்கிரீக் என்ற ஊர், வால்மார்ட் கடை. 22 வயதுக் கறுப்பின இளைஞர், அதே கடையில் அலமாரியில் விற்பனைக்கு இருந்த ஏர் ரைஃபிளைக் கையில் எடுத்து, போனில் பேசிக்கொண்டே நடந்தார். யாரோ 911-க்கு அழைத்தார்கள், போலீஸ் வந்தது, சுட்டுக் கொன்றது. ஒஹாயோ என்ன, தடை உள்ள மாநிலமா? நிஜத் துப்பாக்கியையே வெளிப்படையாக எடுத்துப் போகலாம் என்று சட்டம் உள்ள மாநிலம்! அவர் கையில் இருந்தது விற்பனைக்கு வைத்த சரக்கு. இந்த அரங்கில் இருக்கும் நம் நிறத்து ஆண்களில் எத்தனை பேர் நாளைக்கு இடுப்பில் துப்பாக்கியோடு மால் உள்ளே தைரியமாக நடப்பீர்கள்? கை தூக்க வேண்டாம், வீட்டம்மா பக்கத்தில் இருக்கிறார்.

எதிரணிச் சகோதரி, இது அமெரிக்காவின் பாரம்பரியம், கௌபாய் காலத்திலிருந்து வருவது என்றார். அம்மா, கௌபாய் காலத்திலேயே இதற்குத் தடை இருந்தது! 1881-ல் அரிசோனாவின் டூம்ஸ்டோனில் நடந்த அந்தப் புகழ்பெற்ற ஓகே கோரல் சண்டை எதற்கு வந்தது என்று நினைக்கிறீர்கள்? ஊருக்குள் ஆயுதம் எடுத்து வரக்கூடாது என்ற விதியை வைத்துத்தான் அன்றைக்கு மோதலே. டெக்சஸ் 1871-லேயே பொது இடத்தில் கைத்துப்பாக்கி எடுத்துப்போவதைப் பெரும்பாலும் தடைசெய்துவிட்டது. இடுப்பில் தெரியும்படி வைத்துக்கொள்ள உரிமக்காரர்களுக்கு அனுமதி வந்தது 2016 ஜனவரி 1-ம் தேதி. நம்மில் பலர் இங்கே வீடு வாங்கியதே அதற்கு முன்னால். அப்புறம் கலிபோர்னியா: 1967-ல் கறுஞ்சிறுத்தைகள் என்ற கறுப்பின உரிமை இயக்கத்தினர் துப்பாக்கியோடு சாக்ரமென்டோ சட்டமன்றக் கட்டடத்துக்குள் போனார்கள். அதே ஆண்டு, பொது இடத்தில் குண்டு நிரப்பிய துப்பாக்கியைத் தடைசெய்யும் சட்டத்தில் கையெழுத்துப் போட்டவர் ஆளுநர் ரொனால்ட் ரீகன். இன்று துப்பாக்கி உரிமைக்காகக் குரல் கொடுக்கும் தேசிய ரைஃபிள் சங்கமும் அன்று அதை ஆதரித்தது. பாரம்பரியம் யார் கையில் துப்பாக்கி இருக்கிறது என்று பார்த்துத்தான் விழித்துக்கொள்கிறது போல.

'துப்பாக்கி வைத்த நல்லவர்' கதைக்கு வருகிறேன், அதைச் சொல்லாமல் எதிரணி விடாது. இண்டியானாவில் கிரீன்வுட் மாலில் 2022 ஜூலையில் ஒரு கொலைகாரனை 22 வயது இளைஞர் சுட்டு வீழ்த்தினார். உண்மை, பல உயிர்களைக் காப்பாற்றினார், வணங்குகிறேன். ஆனால் அவர் அதை மறைத்து வைத்திருந்தார் ஐயா! வெளியே தெரிந்திருந்தால் வந்தவன் முதலில் யாரைச் சுட்டிருப்பான்? அதற்கு முந்தைய ஆண்டு கொலராடோவில் அர்வாடா என்ற ஊரில் இன்னொரு நல்லவர், போலீஸ்காரரைக் கொன்றவனைச் சுட்டு வீழ்த்திவிட்டு, அவனுடைய ரைஃபிளை எடுத்துக் கையில் பிடித்திருந்தார். வந்த போலீஸ் அவரைக் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டது. இறந்துபோனார்.

நான் காய்கறி வாங்கும் கடையில் ஒருநாள் பில் போடும் வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் இடுப்பில் துப்பாக்கி. என் பெண் கண் மட்டத்துக்கு அது நேராக இருந்தது, தோல் உறை, தேய்ந்த பித்தளைப் பொத்தான். நல்ல மனிதராகத்தான் இருக்க வேண்டும், குழந்தையைப் பார்த்துச் சிரித்தார். நான் கொத்தமல்லிக் கட்டை மறந்தவன் மாதிரி வேறு வரிசைக்குப் போய்விட்டேன். இந்த மாநிலத்தில் கடைக்காரர்களுக்கு இதெல்லாம் பழகிவிட்டது. வேண்டாம் என்பவர்கள் கதவில் 30.07 என்ற டெக்சஸ் சட்டப்பிரிவின் பலகையை மாட்டுகிறார்கள், சட்டம் சொல்லும் அந்த வாசகம் முழுக்க, ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும், எழுத்து ஒவ்வொன்றும் ஓர் அங்குல உயரத்துக்குக் குறையாமல். ஒரு கதவுக்குப் பாதி அதுவே போய்விடும், தள்ளுபடி எவ்வளவு என்று எழுத இடம் இருக்காது.

2019 ஆகஸ்டில் நம் டெக்சஸின் எல் பாசோ ஊரில் வால்மார்ட் படுகொலை நடந்து ஐந்தாம் நாள், மிசூரியில் ஸ்பிரிங்ஃபீல்ட் ஊரில் ஒருவன் குண்டு துளைக்காத உடுப்பும் ரைஃபிளுமாக இன்னொரு வால்மார்ட்டுக்குள் போனான், உரிமையை மதிக்கிறார்களா என்று சோதித்துப் பார்க்க! ஜனங்கள் அலறி ஓடினார்கள். அவனைத் துப்பாக்கி முனையில் நிறுத்தியது இன்னொரு துப்பாக்கிக்காரர். அடுத்த மாதமே வால்மார்ட், துப்பாக்கியை வெளியே காட்டிக்கொண்டு எங்கள் கடைக்கு வராதீர்கள் என்று கேட்டுக்கொண்டது. துப்பாக்கித் தோட்டாவே விற்கிற கடை அது!

மணி அடித்துவிட்டார்கள், முடிக்கிறேன் ஐயா. அடுத்துப் பேச வரும் எதிரணி நண்பர் சட்டப்பிரிவு எண்ணெல்லாம் பிறகு சொல்லட்டும். முதலில் இதற்குப் பதில் சொல்லட்டும்: கொலராடோ ஸ்பிரிங்ஸில் அந்தப் பெண் முதல் தடவை அழைத்தபோது, 911-ல் இருந்தவர் அவருக்கு என்ன சொல்லியிருக்க வேண்டும்?