இடது விரல் ஆடினால் வலது விரல் ஏன் துள்ளுகிறது?

வணக்கம் மக்களே. பேச ஆரம்பிப்பதற்கு முன்னால் ஒரு சின்ன வேலை. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, இடது கட்டைவிரலால் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல், சுண்டுவிரல் என்று வரிசையாகத் தொடுங்கள், முடிந்த வேகத்தில். கண் மட்டும் வலது கைமேல் இருக்கட்டும். இதோ, நானும் செய்கிறேன். வலது கை சும்மாதான் கிடக்கிறது, இல்லையா?

இதையே ஆறு வயதுப் பிள்ளையிடம் செய்யச் சொன்னால் வலது விரல்களும் கூடவே லேசாகத் துள்ளும். காகிதம் வெட்டும்போது கத்தரிக்கோலோடு சேர்ந்து பிள்ளைகளின் வாயும் திறந்து மூடுமே, அந்த வகையறாதான். மூளையின் ஒரு பக்கம் வேலை செய்யும்போது மறுபக்கத்தை அடக்கி வைக்க வேண்டும், அந்த அடக்கம் வளர வளரத்தான் வரும்.

இதற்கும் கவனத்துக்கும் என்ன சம்பந்தம்? அமெரிக்காவின் பால்டிமோரில் கென்னடி க்ரீகர் இன்ஸ்டிடியூட் என்று ஒரு இடம், அங்கே ஸ்டூவர்ட் மோஸ்டோஃப்ஸ்கி என்ற குழந்தை நரம்பியல் மருத்துவரின் குழு பல வருடங்களாக இதைத்தான் குடைந்துகொண்டிருக்கிறது. 2011-இல் ஏடிஎச்டி, அதாவது கவனம் நிலைக்காமல், துறுதுறுவென்று நிதானமில்லாமல் இருக்கும் குறைபாடு, உள்ள 25 பிள்ளைகள், இல்லாத 25 பிள்ளைகள், எல்லோருக்கும் விரலில் அளவுக் கருவி மாட்டி, வீடியோவும் எடுத்து, நாம் இப்போது செய்தது போலவே விரலைத் தட்டச் சொன்னார்கள். இடது கையால் தட்டும்போது ஏடிஎச்டி பிள்ளைகளின் வலது கையில் அந்த வேண்டாத துள்ளல் மற்றவர்களைவிட இரண்டு மடங்குக்கும் மேல்.

அதே வருடம் டொனால்ட் கில்பர்ட் என்ற இன்னொரு நரம்பியல் மருத்துவரோடு சேர்ந்து இதே குழு இன்னொரு ஆய்வு செய்தது, இது ஸ்கேன் இல்லை, தலைக்கு மேல் ஒரு காந்தச் சுருளைப் பிடித்து மூளையின் இயக்கப் பகுதியை லேசாகத் தூண்டி, கையில் தசை எவ்வளவு துடிக்கிறது என்று பார்ப்பது. பெரிய தூண்டலுக்குச் சில மில்லி விநாடி முன்னால் சின்னதாக ஒன்று கொடுத்தால் துடிப்பு அடங்க வேண்டும். ஏடிஎச்டி பிள்ளைகளிடம் அந்த அடக்கம் சுமார் 40 சதவீதம் குறைவு. அடக்கம் எவ்வளவு குறைவோ, பெற்றோர் சொன்ன தொந்தரவும் அவ்வளவு கூடுதல். 'சும்மா உட்காரவே மாட்டேங்கிறான்', 'பாடத்தில் கவனமே இல்லை' என்று நாம் தனித்தனியாகப் புகார் சொல்கிறோம், மூளையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு.

சரி, மூளையைப் படம் பிடிக்கும் எம்ஆர்ஐ ஸ்கேன் என்ன சொல்கிறது? பலரும் எடுத்துக்காட்டுவது 2007-இல் ஃபிலிப் ஷா குழுவினர் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் செய்த ஆய்வு. ஏடிஎச்டி உள்ள 223 பேர், இல்லாத 223 பேர். மூளையின் மேற்பட்டை, அதாவது புறணி, சிறுவயதில் தடித்துக்கொண்டே போய் ஒரு உச்சத்தைத் தொட்டுவிட்டு அப்புறம் மெலியும். புறணியில் பாதி இடங்கள் அந்த உச்சத்தைத் தொட்ட வயது மற்றவர்களுக்கு 7.5, ஏடிஎச்டி பிள்ளைகளுக்கு 10.5. தாமதம் அதிகம் தெரிந்தது நெற்றிக்குப் பின்னால், கவனத்தையும் நிதானத்தையும் பார்த்துக்கொள்ளும் பகுதியில். ஒரே ஒரு இடம் மட்டும் அவர்களுக்குச் சற்று முன்னதாகவே முதிர்ந்திருந்தது. எது தெரியுமா? உடம்பை அசைக்கும் இயக்கப் புறணி! இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த வரி அதுதான், ஆனால் செய்திகளில் 'மூன்று வருடத் தாமதம்' மட்டும்தான் வந்தது. அது கும்பலாகப் பார்த்த கணக்கு, உங்கள் பிள்ளைக்கு இத்தனை வயதில் தானாகச் சரியாகிவிடும் என்று அதை வைத்துச் சொல்ல முடியாது.

இன்னொரு சிக்கல், எம்ஆர்ஐ குழாய்க்குள் அசையாமல் படுக்க வேண்டும். அசையாமல் இருக்க முடியாத பிள்ளையைப் பற்றித்தான் ஆராய்ச்சியே! அதனால் போலி ஸ்கேனர் வைத்து, 'டக டக' சத்தத்தைப் போட்டுக்காட்டி, படுத்துப் பழக்குவார்கள். அப்படியும் 2012-இல் ஒரு குண்டு விழுந்தது. தலை அரை மில்லிமீட்டர் அசைந்தால் கூட மூளையின் தூரத்துப் பகுதிகளுக்கு நடுவே தொடர்பு குறைவு, பக்கத்துப் பகுதிகளுக்கு நடுவே தொடர்பு அதிகம் என்று பொய்யாகக் காட்டும் என்று வாஷிங்டன் பல்கலைக்கழகக் குழு ஒன்று எழுதியது. சின்னப் பிள்ளைகளின் மூளையே அப்படித்தான் என்று அதற்கு முன்னால் சொல்லியிருந்தது யார்? அதே ஆய்வகம்தான். தங்கள் கணக்கைத் தாங்களே உடைத்துக் காட்டியதற்கு ஒரு சபாஷ்.

அப்போ ஸ்கேன் எடுத்து ஏடிஎச்டி இருக்கிறதா என்று சொல்ல முடியாதா என்று கேட்பீர்கள். 2011-இல் ஏடிஎச்டி-200 என்று ஒரு போட்டியே வைத்தார்கள், படங்களைக் கொடுத்து, யாருக்கு இருக்கிறது என்று கண்டுபிடியுங்கள் என்று. அதிகம் சரியாகச் சொன்னது கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகக் குழு, அதுவும் சுமார் 62 சதவீதம்தான். வேடிக்கை என்னவென்றால் அவர்கள் மூளைப் படத்தைத் தொடவே இல்லை, வயது, பாலினம், எந்தக் கைப் பழக்கம், ஐக்யூ, இவற்றை வைத்தே சொன்னார்கள். படம் பயன்படுத்தவில்லை என்பதால் பரிசு வேறு குழுவுக்குப் போய்விட்டது.

டாக்டர் உங்களிடமும் டீச்சரிடமும் பக்கம் பக்கமாகக் கேள்வி கேட்பது அதனால்தான். வலிப்பு மாதிரி வேறு சந்தேகம் இருந்து அவர் எம்ஆர்ஐ எழுதிக்கொடுத்தால் அது வேறு விஷயம், எடுத்துவிடுங்கள்.