ஆலயக் கணக்கும் அங்கத்தினர் உரிமையும்

(தண்டையார்பேட்டையில் ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெருமதிப்பிற்குரிய பேராயர் அவர்களே, எளியேனையும் மேடையேற்றி அழகு பார்க்கும் எங்கள் ஆயர் அவர்களே, ஆயரம்மா அவர்களே, ஆலய நிர்வாகக் குழுவான பாஸ்டரேட் கமிட்டியின் செயலாளர், பொருளாளர் அவர்களே, பக்கத்துப் பங்கிலிருந்து வந்திருக்கும் தந்தை அவர்களே, நம் தெருவின் நல்லது கெட்டது எதுவானாலும் முதல் ஆளாக வந்து நிற்கும் பள்ளிவாசல் முத்தவல்லி அவர்களே, பெண்கள் ஐக்கிய சங்கத்துத் தாய்மார்களே, வாலிபர்களே, அனைவருக்கும் என் வணக்கம். மாமன்ற உறுப்பினர் அவர்களைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். சென்ற மழையில் இந்த வளாகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் நின்றபோது, இரவோடு இரவாக மோட்டார் அனுப்பி இறைக்கச் செய்தவர் அவர். அந்த மோட்டாருக்கு டீசல் போட்ட ரசீதைக்கூட அவருடைய ஆட்கள் நம் பொருளாளரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார்கள் என்று கேள்விப்பட்டு மனம் நிறைந்தேன். சற்றுமுன் எனக்குப் போர்த்திய பொன்னாடைக்கு வவுச்சர் போட்டாயிற்றா என்று பொருளாளரின் காதில் கேட்டேன். போட்டாயிற்று என்றார். துறைமுகத்தில் கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவனை மேடையில் உட்காரவைத்தால் இந்தத் தொல்லை இருக்கத்தான் செய்யும், பொறுத்துக்கொள்ளுங்கள். "ஆற்றில் போட்டாலும் அளந்து போடு" என்று என் தாயார் அடிக்கடி சொல்வார். அந்தப் பழமொழியை வைத்துத்தான் இன்று பேசப் போகிறேன்.

எனக்குக் கொடுத்த தலைப்பு, ஆங்கிலிக்கன் மரபில் வந்த ஓர் ஊர் ஆலயம் எவ்வாறு நிர்வகிக்கப்படுகிறது என்பது. ஆட்கள், பணம், சொத்து, தேர்தல் என்று நான்கு பகுதிகளாகப் பேசலாமென்று குறிப்பு எடுத்து வந்திருக்கிறேன். நான்கையும் முடிப்பேனா என்று எனக்கே உறுதியில்லை.

முதலில் நம் மரபின் தாய்வீடான இங்கிலாந்துத் திருச்சபையைப் பார்ப்போம். அங்கே ஒவ்வொரு பாரிஷிலும், அதாவது ஓர் ஆலயத்தின் எல்லைக்குட்பட்ட பங்கிலும், விகார் அல்லது ரெக்டர் என்று அழைக்கப்படும் குருவானவர் ஒருவரும், ஆண்டுதோறும் தேர்ந்தெடுக்கப்படும், குருவானவரல்லாத பொறுப்பாளர்களான இரண்டு சர்ச் வார்டன்களும் இருக்கிறார்கள். அந்த வார்டன்களைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தில் ஆலயத்தின் வாக்காளர் பட்டியலில் உள்ளவர்களோடு, பாரிஷ் எல்லைக்குள் குடியிருந்து அரசாங்க வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும், ஆலயப் படியை மிதிக்காதவர்கூட, வாக்களிக்கலாம். திருவிருந்துக் கிண்ணம், அங்கி, புத்தகம், நாற்காலி முதலிய அசையும் பொருள்கள் யாவும் சட்டப்படி அந்த வார்டன்களுக்குரியவை, குருவானவருக்குரியவை அல்ல. அவற்றுக்கெல்லாம் அவர்கள் பட்டியல் எழுதி வைத்து, கேட்டபோது காட்ட வேண்டும். ஒருவரே தொடர்ந்து ஆறு ஆண்டுகளுக்குமேல் வார்டனாக நீடிக்கலாகாது என்று 2001ஆம் ஆண்டுச் சட்டம் வரம்பு வைத்திருக்கிறது; ஊர்க்கூட்டமே கூடி அந்த வரம்பைத் தளர்த்தினால்தான் அவர் மீண்டும் நிற்க முடியும். ஆறு ஆண்டு என்றதும் முன்வரிசையில் இரண்டொருவர் நெளிகிறீர்கள். நான் இங்கிலாந்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

வார்டன்களுக்கு அப்பால் பாரிஷ் மன்றம் ஒன்று உண்டு. குருவானவர் அதன் தலைவர். துணைத் தலைவர் சபையாரில் ஒருவர். முற்காலத்தில் இந்த வேலையை வெஸ்ட்ரி என்ற ஊர்க்கூட்டம் பார்த்து வந்தது. ஆலயப் பராமரிப்பு மட்டுமல்லாமல் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பும் ஒரு காலத்தில் அதன் தலையில் இருந்தது. ஆலயத்துக்கு வருபவர், வராதவர் எல்லாரிடமும் கட்டாய ஆலய வரியும் தண்டி வந்தார்கள். 1868இல் அந்தக் கட்டாயம் நீங்கியது. 1919ஆம் ஆண்டுச் சட்டத்தால் திருச்சபைக்குத் தனக்கென ஒரு சட்டப்பேரவை கிடைத்தது. 1921இல் பாரிஷ் மன்றங்களுக்குச் சட்டபூர்வமான அதிகாரங்கள் வந்தன. ஆலயத்தில் சேரும் காணிக்கையை எதெதற்குச் செலவிடுவது என்பதைக் குருவானவரும் மன்றமும் சேர்ந்தே முடிவுசெய்ய வேண்டும் என்று 1956ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது. கட்டடத்தை ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கட்டடக் கலைஞர் வந்து சோதிக்க வேண்டும் என்பது 1955ஆம் ஆண்டு ஏற்பாடு. இவற்றில் என் மனத்தைக் கவர்ந்த விதி ஒன்று உண்டு: தணிக்கையான ஆண்டுக் கணக்கை, ஆண்டுக் கூட்டத்துக்கு முன்னால் குறைந்தது ஏழு நாள், அதிலும் ஒரு ஞாயிற்றுக்கிழமையாவது அடங்கும்படி, எல்லார் கண்ணிலும் படுமாறு ஒட்டி வைக்க வேண்டும். ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும். அளந்ததை நாலு பேர் பார்க்கவும் வேண்டும் என்று அங்கே சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

இதெல்லாம் சீமைக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். நம் கடற்கரைச் சாலையிலேயே தெற்கே போனால் கோட்டைக்குள் புனித மரியாள் ஆலயம் இருக்கிறது. 1680ஆம் ஆண்டு அக்டோபர் 28ஆம் தேதி அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆளுநராயிருந்த ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று, கிழக்கிந்தியக் கம்பெனியின் பணத்துக்குக் காத்திராமல், கோட்டையிலிருந்தவர்களிடம் சந்தா திரட்டிக் கட்டினார். சூயஸுக்குக் கிழக்கே எழுந்த முதல் ஆங்கிலிக்கன் ஆலயம் அது. அந்த ஆலயத்துக்கும் வெஸ்ட்ரி இருந்தது. சேர்ந்த நிதியை வட்டிக்கு விட்டு, அந்த வருவாயில் அனாதைப் பிள்ளைகளையும் விதவைகளையும் தாங்கினார்கள். 1715இல் தர்மப் பள்ளிக்கூடமும் தொடங்கினார்கள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்துக்குப் பெயர் தந்த எலிஹு யேலின் திருமணம் 1680 நவம்பரில் அங்கேதான் நடந்தது. அந்த ஆலயத்துத் திருமணப் பதிவேட்டின் முதற்பதிவு அதுவே. பதிவேடும் கணக்கேடும் எழுதாத ஆலயம் நம் ஊர் மரபிலேயே கிடையாது என்பதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

பின்னர் 1835இல் சென்னைக்கென்று தனிப் பேராயர் வந்தார். டேனியல் காரி அவர்கள். இங்கிலாந்து மிஷனரிச் சங்கமான சர்ச் மிஷனரி சொசைட்டியின் செயலாளர் ஹென்றி வென், சுதேசத் திருச்சபைகள் தம்மைத் தாமே ஆண்டு, தம்மைத் தாமே தாங்கி, தாமே பெருக வேண்டும் என்று வற்புறுத்தினார். சிந்தாதிரிப்பேட்டை சீயோன் ஆலயத்தில் டபிள்யூ. டி. சத்தியநாதன் ஐயர் போன்ற சுதேசக் குருவானவர்கள் அதைச் செய்துகாட்டினார்கள். 1947 செப்டம்பர் 27ஆம் தேதி, நம் புனித ஜார்ஜ் பேராலயத்தில், ஆங்கிலிக்கன், மெத்தடிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒன்றாகித் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆகையால் நம் நிர்வாகம் கலப்பு நிர்வாகம். பேராயர் ஆங்கிலிக்கன் வழியில் வந்தார். மூப்பர்களுக்கு மதிப்புக் கொடுக்கும் வழக்கம் பிரஸ்பிட்டீரியன் வழியில் வந்தது. சபையார் கூடிப் பேசி முடிவெடுக்கும் பொதுக்கூட்டம் காங்கிரிகேஷனல் வழியில் வந்தது. ஆயரைத் தலைவராகவும், சபையார் தேர்ந்தெடுக்கும் செயலாளர், பொருளாளர், அங்கத்தினர்களையும் கொண்ட பாஸ்டரேட் கமிட்டியில் இம்மூன்றும் வந்து கூடுகின்றன. இந்தக் கூட்டு ஏற்பாட்டை நான் மனமாரப் போற்றுகிறேன். ஆனால் கலப்பில் ஒரு குறை நேர்ந்துவிட்டது. பொதுக்கூட்டம் ஆண்டுக்கு ஒருமுறை, அதுவும் ஆராதனை முடிந்து பசி வேளையில் நடக்கிறது; பிரியாணி வாசம் வந்ததும் "ஒருமனதாக ஏற்கப்பட்டது" என்று கை தூக்கிவிடுகிறோம்.

இங்கே ஒரு சம்பவத்தைச் சொல்ல வேண்டும். காசிமேட்டுக்கும் ராயபுரத்துக்கும் இடையில் ஓர் ஆலயம், பெயர் வேண்டாம். அறுப்பின் பண்டிகை. பூசணி, வாழைத்தார், சேவல், அதிரசம் எல்லாம் ஏலத்துக்கு வந்து அடுக்கியிருந்தன. விசைப்படகு வைத்திருக்கும் சகோதரர் ஒருவர், விடியற்காலையில் இறங்கிய எட்டுக் கிலோ வஞ்சிரம் ஒன்றை ஐஸ் பெட்டியோடு கொண்டுவந்து படைத்துவிட்டார். ஏலம் விடுபவர் பள்ளி ஆசிரியர். மைக் கிடைத்தால் விடாதவர். ஆயிரத்தில் தொடங்கிய ஏலம் ஏறி ஏறி, ரயில்வேயில் பெரிய வேலையிலிருக்கும் ஒருவர் ஆறாயிரத்துக்கு எடுத்தார். கைதட்டல் ஓய்வதற்குள், "இந்த மீனை ஆண்டவருக்கே திரும்பக் கொடுக்கிறேன், மறுபடி ஏலம் விடுங்கள்" என்றார். இன்னும் பெரிய கைதட்டல். அவருடைய மச்சானுக்கு அது பொறுக்குமா? அவர் ஏழாயிரத்து ஐந்நூறுக்கு எடுத்து, அவரும் ஆண்டவருக்கே திரும்பக் கொடுத்தார். மூன்றாவதாக, அந்த ஆண்டுத் தேர்தலில் நிற்கவிருந்த ஒரு பெரியவர் ஒன்பதாயிரத்துக்கு எடுத்து, மீனைக் கமிட்டிக்கே கொடுத்துவிட்டார். இதற்குள் ஐஸ் கரைந்து, பெட்டியைச் சுற்றி ஈ மொய்க்கத் தொடங்கியிருந்தது. மத்தியானத்துக்குள் மீன் குழம்பாகி, கமிட்டியாரின் வயிற்றுக்குள் போய்ச் சேர்ந்தது.

மூன்று பேரும் சொன்ன ஒரே வார்த்தை, "எழுதிக்கொள்ளுங்கள்" என்பதுதான். பொருளாளரும் எழுதிக்கொண்டார். ஏட்டில் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு ரூபாய் வரவு. பொதுக்கூட்டத்தில் ஆண்டறிக்கை வாசித்தபோது, அறுப்பின் பண்டிகை வருவாய் முன்னெப்போதும் இல்லாத அளவு என்று பெருமையாக அறிவித்தார்கள். அப்போது பின்வரிசையிலிருந்து மீன் வியாபாரம் செய்யும் ஓர் அம்மாள் எழுந்தார். எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் விடிகாலை நான்கு மணிக்குத் துறைமுகத்தில் ஏலம் எடுத்து, கூடை சுமந்து, பேரப்பிள்ளைகளைப் படிக்க வைத்தவர். "ஐயா, மூணு தபா வித்த மீனுக்கு ஒரு தபாவாவது துட்டு வந்துச்சா? எங்க ஏலத்துல துட்டு வெக்காம கூடையத் தூக்க வுடமாட்டாங்களே!" என்று கேட்டார். கூட்டம் சிரித்து அடங்க வெகு நேரம் ஆயிற்று. பொருளாளர் பாவம், ஏட்டைப் புரட்டினார், கண்ணாடியைத் துடைத்தார், கடைசியில் "வரவேண்டியிருக்கிறது" என்றார். முதல் இருவரும் வெட்கப்பட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமையே கட்டிவிட்டார்கள். மூன்றாமவர் வேறு ஆலயத்துக்கு மாறிக்கொண்டார்.

அந்த அம்மாளுக்குச் சட்டம் தெரியாது, 1921உம் தெரியாது, 1956உம் தெரியாது. ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பது மட்டும் தெரியும். அந்த ஆண்டுமுதல் அவரையே காணிக்கை எண்ணும் இடத்தில் சாட்சியாக உட்காரவைத்தார்கள். ஒருமுறை நான் பார்த்திருக்கிறேன். வெஸ்ட்ரி என்றே நாம் அழைக்கும் ஆலயத்துப் பக்க அறையின் மேசையில் காணிக்கைப் பைகளைக் கவிழ்க்கிறார்கள். இரண்டு பேர் சுருண்ட நோட்டுகளை உள்ளங்கையால் நீவி அடுக்குகிறார்கள். பத்து ரூபாய் நாணயங்களைப் பத்துப் பத்தாக நிறுத்துகிறார்கள். அந்த அம்மாள் சுண்டுவிரலால் ஒவ்வொரு அடுக்கையும் தொட்டுத் தொட்டு எண்ணிவிட்டு, பதிவேட்டில் கைநாட்டு வைக்கிறார். திங்கட்கிழமை காலையில் பணம் வங்கிக்குப் போகிறது. வங்கியின் முத்திரை பட்ட சீட்டை அதே பக்கத்தில் ஒட்டுகிறார்கள்.

நான் கேட்பதும் அவ்வளவுதான். ஒவ்வொரு மாதமும், அடுத்த மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமைக்குள், ஒரே ஒரு தாளில் ஆலயக் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்ட வேண்டும். ஆரம்ப இருப்பு, சந்தா, ஞாயிறு காணிக்கை, விசேஷ காணிக்கை, கைபேசி வழியாக வந்த தொகை, மண்டப வாடகை ஒரு பக்கம். பணியாளர் சம்பளம், மின்கட்டணம், பேராயத்துக்குச் செலுத்தும் பங்கு, பழுதுபார்ப்பு, ஏழைகளுக்குக் கொடுத்தது, முடிவு இருப்பு மறுபக்கம். ஆண்டு முடிவில் தணிக்கையாளர் பார்ப்பது பார்க்கட்டும். வாசலில் நின்று சபையார் பார்ப்பது வேறு.

இதைச் சொன்னதும், கமிட்டியை நம்பவில்லையா என்று வருத்தப்படுகிறார்கள். எங்கள் பொருளாளரை என் பிள்ளையைப்போல் நம்புகிறேன். அவரைக் காப்பாற்றத்தான் இதைக் கேட்கிறேன். அப்போஸ்தலன் பவுல் எருசலேம் ஏழைகளுக்காகக் காணிக்கை திரட்டியபோது, சபைகள் தெரிந்தெடுத்த ஆட்களையும் உடன் சேர்த்துக்கொண்டார். ஒருவரும் குற்றம் சொல்ல இடம் வேண்டாமென்று எழுதியும் வைத்தார். கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் எட்டாம் அதிகாரத்தை இன்றிரவு வாசித்துப் பாருங்கள். பவுலுக்கே தேவைப்பட்ட சாட்சி நமக்குத் தேவையில்லையா? வெளியார் பார்த்துவிடுவார்களே என்றும் ஒருவர் கேட்டார். பார்க்கட்டுமே! முத்தவல்லி அவர்கள் பார்த்தால், மின்கட்டணத்தைக் குறைக்கும் வழி சொல்வார்.

சொத்தைப் பற்றி விரிவாகப் பேச எண்ணியிருந்தேன். நிலமும் கட்டடமும் கம்பெனிச் சட்டப்படி பதிவான, திருச்சபைச் சொத்துகளை வைத்திருக்கும் அமைப்பான டிரஸ்ட் அசோசியேஷன் பெயரில் இருப்பதால், உள்ளூர்க் கமிட்டி அவற்றை விற்கவோ அடகு வைக்கவோ முடியாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். தேர்தலையும் வாக்காளர் பட்டியலையும் பற்றிய குறிப்பு சட்டைப்பையிலேயே இருக்கிறது. பாடகர் குழு ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பதால் அது அங்கேயே இருக்கட்டும். பேராயர் அவர்கள் பொறுமையோடு செவிகொடுத்தமைக்கு நன்றி.

வரும் பொதுக்கூட்டத்தில் முன்மொழிய ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கிறேன்: "மாதாந்திர வரவு செலவுக் கணக்கை, ஆயர், பொருளாளர், கமிட்டியில் இல்லாத சபையார் ஒருவர் ஆகிய மூவரின் கையெழுத்தோடு, ஆலய வாசலில் ஒட்ட இச்சபை தீர்மானிக்கிறது." ஆதரிப்பவர்கள் கையெழுத்திட வேண்டிய தாள், வெளியே சந்தா வாங்கும் மேசையில் இருக்கிறது. சந்தா பாக்கி வைத்திருப்பவர்களின் கையெழுத்து செல்லாது என்று செயலாளர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். ஆகவே முதலில் பாக்கியைக் கட்டி, ரசீது வாங்கிக்கொண்டு, பிறகு கையெழுத்திடுங்கள்.