சட்டம் வந்ததும் தனியுரிமை மீது ஏன் இத்தனை பற்று?

வெள்ளவத்தை நேயர் ஒருவரின் கேள்வி சில நாள்களாக என்னை விடாமல் துரத்துகிறது. "நேற்றுவரை எங்கள் விவரங்களை வாரி அள்ளிய நிறுவனங்கள், தரவுப் பாதுகாப்புச் சட்டங்கள் வந்தவுடன் 'உங்கள் தனியுரிமையே எமக்கு முக்கியம்' என்று மின்னஞ்சல் அனுப்புகின்றனவே, மனம் திருந்திவிட்டனவா?" என்று கேட்கிறார்.

மனம் திருந்தவில்லை, கணக்குத்தான் மாறியிருக்கிறது. 2018 மே 25 அன்று நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2 கோடி யூரோ அல்லது நிறுவனத்தின் உலகளாவிய ஆண்டு வருமானத்தில் 4 சதவீதம், இவற்றுள் எது கூடியதோ அதுவரை தண்டம் விதிக்கலாம் என்றது. அந்தச் சட்டத்தின்கீழ் 2023இல் பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு அயர்லாந்து விதித்த தண்டம் 120 கோடி யூரோ.

இன்னொரு காரணமும் உண்டு. எனக்கு அதுதான் சுவையானது. தனியுரிமை என்பது போட்டியாளரை அடிக்க நல்ல தடி. 2021 ஏப்ரலில் அப்பிள், பிற நிறுவனங்களின் செயலிகள், பயனர் வேறு செயலிகளிலும் தளங்களிலும் செய்வதைப் பின்தொடர அவருடைய அனுமதியைக் கேட்டாக வேண்டும் என்று விதித்தது. அப்படிப் பின்தொடர்ந்து கிடைக்கும் விவரங்களை வைத்து விளம்பரம் விற்கும் மெட்டாவே, அதனால் 2022இல் ஏறத்தாழ 1,000 கோடி டொலர் வருமானம் குறையும் என்று சொன்னது. தன் செயலிக் கடையில் தானும் விளம்பரம் விற்கும் அப்பிளுக்கு, அந்த ஏற்பாட்டை நடைமுறைப்படுத்திய விதத்துக்காகப் பிரான்சின் போட்டி ஆணையம் 2025இல் 15 கோடி யூரோ தண்டம் விதித்தது.

ஆனால் நேயர் என்னிடம் கேட்டிருக்க வேண்டியது, சட்டம் எட்டாத இடத்தில் இவை எப்படி நடந்துகொள்கின்றன என்பதையே. நான் என்ன சொல்லப் போகிறேன் என்பது வழமையாகப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்: அறிவிப்பை விடுங்கள், ஒப்பந்தத்தை வாசியுங்கள். பேஸ்புக்கோடு நமக்கிருந்த ஒப்பந்தம் முன்னர் அதன் அயர்லாந்துக் கிளையோடுதான் இருந்தது. ஐரோப்பியச் சட்டம் வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, ஆசியா, ஆபிரிக்கா, அவுஸ்திரேலியா, இலத்தீன் அமெரிக்காவைச் சேர்ந்த ஏறத்தாழ 150 கோடிப் பயனர்களின் ஒப்பந்தத்தை அமெரிக்கத் தலைமை நிறுவனத்துக்கு மாற்றப்போவது வெளியே தெரிந்தது. மாற்றிவிட்டால் அவர்களுக்கு அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு எட்டாது. கொழும்பிலிருந்து இதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நீங்களும் அந்த 150 கோடிக்குள் அடக்கம். அப்போதும் அந்த நிறுவனம் தனியுரிமை பற்றி உருக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்தது.

நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. ஆனால் அதில் ஒரு மீறலுக்கான தண்டத்தின் உச்சம் 1 கோடி ரூபாய். காலி வீதிச் சிறுகடைக்காரர் ஒருவரை அது தெருவுக்குக் கொண்டுவந்துவிடும். இலட்சக்கணக்கானோரின் தொலைபேசி இலக்கங்களையும் அடையாள அட்டை விவரங்களையும் வைத்திருக்கும் பெருநிறுவனமோ அதைச் செலவுக் கணக்கில் ஒரு வரியாக எழுதிவிட்டுப் போகும். அந்த உச்சத்தை வருமானத்தின் சதவீதமாக மாற்ற வேண்டும் என்று சொல்பவர்களின் பக்கம் நான்.