ஐம்பது கேள்வி, ஐம்பது நிமிஷம், ஒரு பேரேடு: எஃப்எம்ஜிஇ பயிற்சிக் கேள்விகளைப் போடுற முறை

[திரை: ஆத்தங்குடிக் கல் பதிச்ச தளம். தாழ்வான மேசை, லேப்டாப், பக்கத்துல சிவப்புத் துணி அட்டை போட்ட நீளமான கணக்கு நோட்டு.]

குரல்: வெளிநாட்டுல எம்பிபிஎஸ் முடிச்சுட்டு காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்னு ஊருக்குத் திரும்பி இந்தியாவுல டாக்டராப் பதிவு செய்ய எழுதுற எஃப்எம்ஜிஇ தேர்வுக்குப் படிக்கிறவங்களுக்கான வீடியோ இது. எதைப் படிக்கணும்னு இதுல சொல்லப் போறதில்ல. கியூபேங்க்ல, அதாவது பயிற்சிக் கேள்வித் தொகுப்புல இருக்கிற கேள்வியை எப்படி நேரம் வச்சுப் போடுறது, போட்டு முடிச்ச பிறகு அதை என்ன செய்றது, அது மட்டும்தான்.

முதல்ல பரீட்சையோட அமைப்பு. மொத்தம் 300 கேள்வி. ஒரே நாள்ல ரெண்டு பகுதி, ஒவ்வொண்ணும் 150 கேள்வி, 150 நிமிஷம். 150 மார்க் எடுத்தா பாஸ். தப்பான விடைக்கு மார்க் குறையாது. 2024-ல, இந்தத் தேர்வை நடத்துற என்பிஇஎம்எஸ் தன்னோட தேர்வுகள்ல நேரம் பூட்டின பிரிவுகளைக் கொண்டு வந்தது. ஒரு பிரிவோட நேரம் முடிஞ்சா அது மூடிக்கும், திரும்பிப் போக முடியாது. சீக்கிரம் முடிச்சுட்டாலும் அடுத்த பிரிவுக்குத் தாவ முடியாது. அதனால "கஷ்டமானதை எல்லாம் கடைசி இருபது நிமிஷத்துக்குத் தள்ளி வச்சுக்கலாம்"ங்கிற சீனியர் யோசனையை மறந்துடுங்க. பயிற்சியும் துண்டு துண்டாத்தான் இருக்கணும்: ஒரு பிளாக்குக்கு 50 கேள்வி, 50 நிமிஷம்.

[திரை: ஓடுற கடிகாரம். கீழே மூணு எண்கள்: 10 – 12, 25 – 30, 42 – 50.]

குரல்: கேள்விக்கு ஒரு நிமிஷம்னு கணக்குப் போட்டா ஏமாந்து போவீங்க. எந்த நரம்பு, எந்த என்சைம், எந்த வைட்டமின்னு கேக்குற ஒத்தை வரிக் கேள்விக்கு முப்பது செகண்ட் போதும். நோயாளி கதை சொல்ற கேள்விக்கு எண்பது, தொண்ணூறு செகண்ட் வேணும். ஒவ்வொரு கேள்விக்கும் மணி பாக்காதீங்க. மூணே இடத்துல பாருங்க. பத்தாவது நிமிஷத்துல 12-வது கேள்வி முடிஞ்சிருக்கணும். இருபத்தஞ்சுல 30. நாப்பத்திரண்டுல 50-ம். மிச்சம் எட்டு நிமிஷம், குறிச்சு வச்ச கேள்விகளுக்கு. ஒரு பிளாக்குல எட்டுக்கு மேல குறிச்சா அந்த எட்டு நிமிஷம் பத்தாது.

இருபத்தஞ்சாவது நிமிஷத்துல 24-லயே நிக்கிறீங்கன்னா, எல்லாக் கேள்வியையும் மெதுவாப் போட்டீங்கன்னு அர்த்தமில்ல. பெரும்பாலும் ரெண்டு மூணு கேள்வி ஆளுக்கு மூணு நிமிஷம் தின்னிருக்கும். அதுக்கு ஒரே மருந்து: தொண்ணூறு செகண்ட் ஆச்சா, மிஞ்சி நிக்கிற ரெண்டு ஆப்ஷன்ல ஒண்ணை அமுக்கி, குறிச்சு வச்சுட்டு நகருங்க. விடையை அமுக்காம வெறுமனே குறிச்சு வைக்கிற பழக்கம் வேண்டாம். நெகட்டிவ் மார்க் இல்லாத பரீட்சையில காலி விடறது கையில இருக்கிற காசைக் கீழ போடுறது மாதிரி.

நீளமான கேள்வின்னா கடைசி வரியை முதல்ல வாசிங்க. கேக்கிறது நோயோட பேரா, அடுத்த டெஸ்ட்டா, முதல் மருந்தான்னு தெரிஞ்சுட்டு மேல போங்க. ஆப்ஷனைப் பாக்குறதுக்கு முன்னாடி மனசுல ஒரு விடை சொல்லிப் பாருங்க. நாலு ஆப்ஷன்ல மூணு உங்களைக் குழப்புறதுக்குன்னே எழுதினது.

குறிச்சு வச்சதுக்குத் திரும்பி வரும்போது, முதல் தடவை கண்ணுல படாத ஏதாவது ஒண்ணு, வயசோ, "தவிர"ங்கிற சொல்லோ, ஒரு அளவோ, இப்போ கண்ணுல பட்டா மட்டும் விடையை மாத்துங்க. வெறும் பயத்துல மாத்தாதீங்க. பத்து பிளாக்குக்கு ஒரு எண்ணிக்கை வச்சுப் பாருங்க: மாத்தினதுல சரியானது எத்தனை, கெட்டது எத்தனைன்னு. உங்க கை எப்படின்னு தெரிஞ்சிடும்.

ஒரு சின்ன விஷயம். மாக் டெஸ்ட்டோட மதியப் பகுதியில மார்க் சரியுறதுக்குப் பல சமயம் பாடம் காரணமில்ல, சாப்பாடுதான் காரணம். நம்ம ஊர்ல ஒரு மணிக்கு இலை போட்டு, குழம்பு, ரசம், மோர்னு முடிச்சு, முத்தத்து ஓரம் தலைகாணி போட்டா நாலு மணிக்குத்தான் கண்ணு திறக்கும். வாரம் ஒரு நாளாவது அரை வயித்துக்குச் சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்கு பிளாக் போட்டுப் பழகுங்க.

[திரை: கணக்கு நோட்டு திறக்குது. இடப்பக்கம் "குறிப்பு", வலப்பக்கம் "பேரேடு".]

குரல்: இனிமேதான் முக்கியமான வேலை. 50 நிமிஷம் போட்ட பிளாக்கைப் பாக்க ரெண்டு மணி நேரம் ஒதுக்கணும். ஒரு நாளைக்கு 200 கேள்வி போட்டுட்டு, விளக்கத்தை ஓட்டமா வாசிச்சு "ஓ, இது தெரியுமே"ன்னு மூடுறவங்களுக்கு கியூபேங்க் முடியும், மார்க் நகராது. விளக்கத்தை வாசிக்கும்போது தெரிஞ்ச மாதிரி இருக்கிறதும், கேள்வியைப் பாத்ததும் ஞாபகம் வர்றதும் ஒண்ணில்ல.

பழைய செட்டியார் பெட்டியடியில அன்னன்னைக்கு நடந்ததைக் குறிப்புல எழுதி, அப்புறம் அதை ஆள்வாரியாப் பிரிச்சுப் பேரேட்டுல ஏத்துவாங்க. அதே ரெண்டு வேலைதான் இங்கேயும்.

குறிப்பு, பிளாக் போடும்போதே எழுதுறது. கேள்வி எண்ணுக்குப் பக்கத்துல சந்தேகம் இருந்தா ஒரு புள்ளி, குருட்டு யூகம்னா ரெண்டு புள்ளி. இது எதுக்குன்னா, புள்ளி வச்சு சரியாப் போன கேள்வியும் உங்களுக்குக் கடன்தான். ஸ்கோர்ல அது வரவா நிக்கும். அடுத்த தடவை ஆப்ஷன் கொஞ்சம் மாறினா பற்றாயிடும்.

பேரேட்டுல ஏத்தும்போது ஒவ்வொரு தப்புக்கும் ஒரு எழுத்து. "தெ" – தெரியவே தெரியாது. "கு" – ரெண்டைக் குழப்பிக்கிட்டது. "வா" – வாசிச்சதுல தப்பு. "நே" – நேரம் இல்ல. "யூ" – யூகத்துல சரியானது. "தெ"-க்குத்தான் புத்தகம் திறக்கணும். "வா"-க்குப் புத்தகம் திறந்து ஒரு பிரயோஜனமும் இல்ல. கேள்வியை விரல் வச்சு வாசிக்கத்தான் பழகணும்.

ஒரு கேள்வியை எடுத்துப் பாப்போம்.

[திரை: கேள்வி வரி வரியா வருது.]

குரல்: வயல்ல பூச்சிமருந்து தெளிச்சுட்டிருந்த 45 வயசு விவசாயியைக் கூட்டிட்டு வர்றாங்க. வாயில நுரை, கண்ணுல தண்ணி, உடம்பெல்லாம் வியர்வை. கண்மணி ஊசிமுனை அளவு. நெஞ்சுல விசில் சத்தம். நாடித்துடிப்பு 48. முதல்ல குடுக்கிற மருந்து எது? அட்ரோபின், நலாக்சோன், பைசோஸ்டிக்மின், பிராலிடாக்சிம்.

விடை அட்ரோபின். நலாக்சோன் போட்டவங்க ஊசிமுனைக் கண்மணியை மட்டும் பாத்துட்டு நின்னவங்க. ஓபியாய்டுலயும், அதாவது அபின் வகை மருந்துலயும், கண்மணி சுருங்கும். ஆனா இப்படி நுரையும் வியர்வையும் கொட்டாது, மூச்சுதான் குறையும். பிராலிடாக்சிம் போட்டவங்களுக்கு நோய் தெரியும், வரிசை தெரியல. அது என்சைமை மீட்கிற மருந்து, தசை பலவீனத்துக்கு உதவும். நுரையீரல்ல சுரக்கிறதை முதல்ல நிறுத்துறது அட்ரோபின்தான்.

பேரேட்டுல விளக்கம் முழுசையும் காப்பி அடிக்காதீங்க. ரெண்டே வரி. முதல் வரி, முடிவு செஞ்ச தடயம்: "சுருங்கின கண்மணி + எல்லாம் ஒழுகுது = ஆர்கனோபாஸ்பேட் (பூச்சிமருந்து) விஷம்; அட்ரோபின் முதல்ல." ரெண்டாவது வரி, தப்பா போட்ட ஆப்ஷன் எந்தக் கேள்விக்குச் சரியாகும்: "சுருங்கின கண்மணி + மூச்சு மெதுவு + நுரை இல்ல = நலாக்சோன்."

இந்த ரெண்டாவது வரிதான் ஒரு கேள்வியை நாலாக்குது. பைசோஸ்டிக்மின் எப்போ சரி? ஊமத்தங்காய் தின்ன குழந்தைக்கு: கண்மணி விரிஞ்சு, தோல் காய்ஞ்சு, உளறிட்டிருக்கும். இன்னொரு கேள்வியும் இங்கிருந்தே வரும். அட்ரோபின் போதும்னு எதை வச்சு முடிவு பண்றது? கண்மணி விரிஞ்சதை வச்சு இல்ல. நெஞ்சு சத்தம் தெளிவாகணும். 1 முதல் 3 மி.கி. நரம்புல குடுத்து, அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவை இரட்டிப்பாக்கிட்டுப் போறது அந்தத் தெளிவுக்காகத்தான். விஷம்னு வந்துட்டா ஒடுவந்தழையையும் பாத்து வைங்க. தமிழ்நாட்டு வார்டுகள்ல தெரிஞ்ச செடி. பொட்டாசியம் இறங்கும், ரத்தத்துல அமிலம் ஏறும். வெளிநாட்டு வகுப்புல இதைச் சொல்லித் தந்திருக்க மாட்டாங்க.

[திரை: பேரேட்டுப் பக்கம். ஓரத்துல 3, 10, 30.]

குரல்: ஏத்தின வரியை மூணாம் நாள், பத்தாம் நாள், முப்பதாம் நாள் திரும்பப் பாக்கணும். விடையைக் கையால மறைச்சுட்டு, தடயத்தை மட்டும் வச்சு, ஆப்ஷன் இல்லாம சொல்லணும். மூணு தடவையும் சரியா வந்தா வரியை அடிச்சுருங்க, கணக்கு தீர்ந்தது. ஒரு தடவை தப்பினாலும் தேதி மறுபடி மூணுல தொடங்கும்.

ஞாயித்துக்கிழமை ஐந்தொகை, அதாவது வாரக் கணக்கு முடிக்கிறது. பாடவாரியா தப்பை எண்ணி, அந்தப் பாடத்தோட எடையை வச்சுப் பாருங்க. என்பிஇஎம்எஸ் குடுத்த பங்கீட்டுல மெடிசின் 33, சர்ஜரி 32, மகப்பேறு 30, சமூக மருத்துவம் 30. இந்த நாலே 125. தோல், மனநோய், எலும்பு, மயக்கவியல் ஒவ்வொண்ணும் 5. ரெண்டு பாடத்துலயும் பாதி தப்புன்னா சமூக மருத்துவத்துல போறது 15 மார்க், தோல்ல ரெண்டு மூணு. பிடிச்ச பாடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கிறவங்களுக்கு இந்தக் கணக்கு கசக்கும்.

முதல் மாசம் பாடவாரியா பிளாக் போடலாம். அப்புறம் கலந்துதான். பாடத்தோட பேர் தெரிஞ்சாலே பாதி விடை தெரிஞ்ச மாதிரி. பரீட்சையில அந்தச் சலுகை கிடையாது. கடைசி நாலு வாரம் வாரத்துக்கு ஒரு முழு மாக், 300 கேள்வியும் ஒரே நாள்ல, நடுவுல போனைத் தொடாம. அன்னைக்கே ரிவ்யூ வேண்டாம், மூளை ஓடாது. அடுத்த ரெண்டு நாள்ல பிரிச்சுப் பாருங்க.

கடைசி மூணு நாள் புது பிளாக் எதுவும் வேண்டாம். பேரேட்டுல அடிபடாம நிக்கிற வரிகளை மட்டும் எடுங்க. காலையில ஒரு தடவை, விளக்கு வச்ச பிறகு ஒரு தடவை.

[திரை: நோட்டுல ஒரு வரி அடிபடுது. படம் மங்குது.]